நகரும் கரை: எம்.ஜி.ஆர். திட்டைச் சுற்றி இத்தனை அதிசயமா? தெரியுமா?

சிதம்பரம் நடராசர் கோயிலின் கீழக்கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே கிழக்கே போங்கள். கிள்ளை தாண்டிப் பிச்சாவரம் வந்ததும் தார்ச்சாலை தீர்ந்துவிடும். மொத்தம் 15 கிலோமீட்டர் சுமாருக்குத்தான்! அதற்கப்புறம் படகு. பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், நடுவில் கழி. வளைந்து வளைந்து போகும் அந்த நீர்வழி முடிகிற இடத்தில், காட்டுக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே, நீளவாக்கில் ஒரு மணல் மேடு கிடக்கிறது. அங்கே ஓர் ஊர் இருந்தது. அடுப்பு எரிந்தது, வலை காய்ந்தது, பிள்ளைகள் விளையாடின. அதன் பெயர் எம்.ஜி.ஆர். திட்டு. இன்று அந்த ஊர் மக்கள் அங்கே வசிக்கவில்லை. அவர்கள் கரையேறி, கிள்ளைப் பக்கம் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் திட்டையும் அதைச் சுற்றியுள்ள கரையையும் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டிய சங்கதிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வாயைப் பிளக்க வைக்கும். வாருங்கள்!

திட்டு என்றாலே நகர்வதுதான், தெரியுமா?

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் அள்ளி வந்த மணலைக் கடல்வாயில் கொட்டுகின்றன. கடல் அதை வாங்கிச் சும்மா வைத்துக்கொள்ளுமா? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்று திரும்பியதும் அதே மணலைத் தெற்கே இழுத்துவரும். இப்படித் தள்ளியும் இழுத்தும் உருவானவைதான் இங்குள்ள திட்டுகள். முகத்துவாரம் ஓர் ஆண்டு இங்கே திறக்கும், இன்னோர் ஆண்டு அங்கே திறக்கும். சின்னவாய்க்கால், பில்லுமேடு, முழுக்குத்துறை என்று இந்தப் பகுதி ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வாய்க்கால், மேடு, துறை! எல்லாமே நீர் வரைந்த பெயர்கள்.

ஊரையே விழுங்கிய அலை, நடுக்கடலில் இடுப்பளவுகூட இல்லை, நம்புவீர்களா?

2004 டிசம்பர் 26. மார்கழி மாதத்துப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணி வாக்கில், இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, சுமத்ரா தீவருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு! அங்கிருந்து புறப்பட்ட அலை, ஆழ்கடலில் ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில் பாய்ந்தது. தற்செயலாக மேலே பறந்துகொண்டிருந்த ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள், திறந்த கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது. எவ்வளவு தெரியுமா? சுமார் 60 சென்டிமீட்டர்!

அதனால்தான் அன்று ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்தவர்கள் பலர் ஒன்றையும் உணரவில்லை. காலுக்கடியில் அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஆழம் குறைந்த கரையோரம் வந்ததும் அலையின் வேகம் தடைபட்டது. பின்னால் வந்த நீர் முன்னால் வந்த நீரின்மேல் ஏறிக் குவிந்து சுவரானது. திட்டில் இருந்தவர்களுக்கு முன்னால் கடல், பின்னால் கழி. ஓடி ஏற ஒரு மேடு இல்லை. எம்.ஜி.ஆர். திட்டு சிதைந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 610 உயிர்கள் போயின. திரும்பிவந்த படகுகளுக்கு ஊர் அடையாளம் தெரியவில்லை.

அன்று பூமியின் நாளே சுருங்கியது, தெரியுமா?

அந்த நிலநடுக்கத்தால் பூமிக்குள் இருந்த கனம் இடம் மாறியது. சுழலும் பம்பரத்தின் கனம் உள்ளே ஒடுங்கினால் அது வேகமாகச் சுழலும் இல்லையா? அதேபோல் பூமியும் கொஞ்சம் வேகம் கூடி, ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ விநாடி குறைந்திருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் மூன்றுக்கும் குறைவான கூறுகள்! திட்டு மட்டுமா இடம் பெயர்ந்தது? உலகமே ஒரு நூலிழை அசைந்தது.

‘சுனாமி’ என்ற சொல் புதிது. நமக்கு அந்த நினைவு பழையது, தெரியுமா?

சுனாமி ஜப்பானியச் சொல். ‘துறைமுக அலை’ என்று பொருள். அன்றைய காலைக்கு முன் அதை அறிந்த தமிழர் குறைவு. ஆனால் ‘கடல்கோள்’ என்ற சொல் நம்மிடம் எப்போதிருந்து இருக்கிறது? கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது. ‘கொள்வது’ என்றார்கள் நம் முன்னோர். கடல் எடுத்துக்கொள்ளும் என்பதை ஒரே சொல்லில் பொதிந்து வைத்துவிட்டார்கள்!

சொல்லின் வலிமைக்கு இன்னொரு சாட்சி வேண்டுமா? அந்த நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமிலுவே தீவு. மக்கள் சுமார் 78,000 பேர். 1907-இல் வந்த பேரலையை அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுப் பாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. 2004-இல் அங்கே இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்! பாட்டி சொன்ன கதை ஒரு தீவையே காப்பாற்றியது.

கடலோர எல்லையை ஒரு பீரங்கிக் குண்டு தீர்மானித்தது, தெரியுமா?

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியை நாலு திசையும் சுடவேண்டியது, குண்டு போய் விழும் தூரம்வரை கம்பெனிக்கு! அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பேர். அந்தக் கோட்டைக்கு வைத்த பெயர் செயின்ட் டேவிட். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில ஆண்டுகள் இதுவே கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாக இருந்தது. ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார்! 1758-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை இடித்தது. இப்போது மிச்சம் கொஞ்சம்தான்.

ஏறத்தாழ 315 ஆண்டுகள் கழித்து, 2005-இல், அதே கரையில் இன்னோர் எல்லை கிழிக்கப்பட்டது. இம்முறை குண்டால் அல்ல, அளவு நாடாவால்.

அந்த எல்லை எது தெரியுமா? 200 மீட்டர்!

2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட வீட்டுக் கொள்கை இதுதான்: கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு உள்ளவர்கள், விரும்பினால் உள்ளே தள்ளிப் புதுவீடு பெறலாம், அங்கேயே இருப்பதென்றால் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும். புதுவீடு 300 முதல் 325 சதுர அடி. இன்னொரு பெரிய மாற்றம் கவனித்தீர்களா? வீட்டின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து! ஆண் பெயரில் மட்டுமே பத்திரம் பார்த்துப் பழகிய கரையில், தலையில் கூடை சுமந்து மீன் விற்ற பெண்களின் பெயரும் ஏறியது.

ஆனால், மீனவர் வீடு ஏன் கடலைப் பார்த்தே இருக்கும் என்பது தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்தபடியே தண்ணீரின் நிறம் பார்ப்பார்கள். வாடையா கொண்டலா என்று காற்றைப் பார்ப்பார்கள். பறவைக் கூட்டம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். படகும் வலையும் கண்ணெதிரே கிடக்கும். வீடு உள்ளே தள்ளிப் போனால் இத்தனையும் தள்ளிப் போகும். திட்டை விட்டு வந்தவர்கள் உயிருக்குப் பாதுகாப்பு பெற்றார்கள். அதற்கு ஈடாக வாசலில் இருந்த கடலைக் கொடுத்தார்கள். அந்த விலை சின்ன விலை இல்லை. கரையில் வீடு, கழியில் படகு, கடலில் பிழைப்பு என்று மூன்று இடத்தில் வாழ்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

உலகத்தில் இவர்கள் தனி ஆள் இல்லை, தெரியுமா?

தென் அட்லாண்டிக்கில், எந்தப் பெருநிலத்துக்கும் எட்டாத டிரிஸ்டன் ட குன்யா தீவில் 1961-இல் எரிமலை வெடித்தது. மக்கள் மொத்தப் பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மின்சாரம், கடை, பேருந்து என்று எல்லா வசதியும் இருந்தும், 1963-இல் பெரும்பாலோர் தீவுக்கே திரும்பிவிட்டார்கள்! மாலத்தீவில் 2004 அலையால் சிதைந்த கந்தோல்ஹூதூ தீவு மக்களுக்கு நேர்ந்தது வேறு. ஏறத்தாழ 4,000 பேரும் ஆளில்லாத துவாஃபரு என்ற தீவில் புதிதாக ஊர் கட்டிக் குடியேறினார்கள். நம் தனுஷ்கோடியோ 1964 டிசம்பர் புயலில் போனது. அரசு அதை வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்தது. ஆனாலும் அங்கே மீன் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. திரும்பிப் போனவர்கள், புதுத் தீவுக்குப் போனவர்கள், போயும் போகாதவர்கள் என மூன்று விதம். எம்.ஜி.ஆர். திட்டு மக்கள் கரையேறினார்கள், கடலை விடவில்லை.

காடு குறுக்கே நின்றது, தெரியுமா?

2004 சுனாமி வந்த அந்தக் காலையில், திட்டுக்குப் பின்னால் இருந்த அலையாத்திக் காட்டில் நடந்ததை உலகமே திரும்பிப் பார்த்தது. 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையைத்தான் எடுத்துக்கொண்டது. கடல்முகத்தில் திறந்து கிடந்த ஊர்கள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்றது அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குடியிருப்புகளை எடுத்துப் பார்த்து இதையே சொன்னார்கள். ‘மரம் மட்டுமல்ல, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் காரணம்’ என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். விவாதம் நல்லதுதான். தூரம், உயரம், மரம் மூன்றும் சேர்ந்தால்தான் காப்பு என்பதை இந்தக் கரை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது.

குட்டி போடும் மரம் பார்த்திருக்கிறீர்களா?

பிச்சாவரத்துச் சுரபுன்னை மரத்தை அண்ணாந்து பாருங்கள். முருங்கைக்காய்போல் பச்சையாகத் தொங்குவது காய் அல்ல, கன்று! விதை, தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு, தயாரான பிறகே விழுகிறது. சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே வளரும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து, வேறு கரை தேடிப் போகும். இன்னொரு மரம் வெண்கண்டல். சேற்றில் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்சில் நட்டாற்போல் மேலே எழும்பி மூச்சு விடுகின்றன! இலையைத் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு! வேண்டாத உப்பை இலை வழியே வேர்த்து வெளியேற்றும் மரம் அது. இங்குள்ள சுரபுன்னை இனங்கள் இரண்டு கலந்து பிறந்த ஒரு கலப்பின மரத்துக்கு, சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘அண்ணாமலையானா’ என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள்!

தில்லை ஊரைவிட்டுப் போய்விட்டது, தெரியுமா?

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணம் தில்லை மரம். கோயிலின் தலமரமும் அதுவே. ஆனால் ஊருக்குள் தில்லைவனத்தைத் தேடினால் கிடைக்காது. அது வளர்ந்து நிற்பது இந்தப் பிச்சாவரத்துச் சேற்றில்! உப்பும் நீரும் கலந்த மண்ணில் தழைக்கும் அலையாத்தி வகை மரம் அது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே தொடாமல் கும்பிடுங்கள். மரம் கடற்கரையில், அதன் பெயர் கோயிலில். இடம் விட்டாலும் பெயர் விடவில்லை.

அழியவிருந்த காடு ‘மீன்முள்’ளால் பிழைத்தது, தெரியுமா?

சுமார் 1,100 ஹெக்டேர் பரந்த இந்தக் காட்டை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கூறுபோட்டு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து, சேறு உலர்ந்து, நிலம் குழிந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடியாமல் தேங்கி, உப்பு முற்றிப் போனது. கன்று ஒன்றும் தரிக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கைகோத்து ஒரு வழி கண்டார்கள். நடுவே ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சரிவாகக் கிளைக்கால்வாய்கள், மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் மீன்முள்! நீர் ஏறியது, இறங்கியது. உப்பு கழுவப்பட்டது. காடு திரும்பியது! மரம் நட்டது இரண்டாவது வேலை. தண்ணீருக்கு வழி விட்டதுதான் முதல் வேலை. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது.

வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் இங்கே உண்டு, தெரியுமா?

கிள்ளையைச் சுற்றி இருளர் குடியிருப்புகள் உள்ளன. நீர் வற்றும் நேரம் பார்த்துக் கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவியே இறாலைப் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுவார்கள். கண் பார்க்காததை விரல் பார்க்கும்! எந்த வேரடியில் எந்த நேரம் இறால் ஒதுங்கும் என்பது அவர்கள் விரல்நுனிக் கல்வி. எந்தப் பல்கலைக்கழகமும் தராத பட்டம் அது.

பெருமாள் கடலாட வருவார், தர்கா வாசலில் நிற்பார், தெரியுமா?

மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராகக் கடந்து கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வழியில் கிள்ளை தைக்காலில் தர்கா. அங்கே இஸ்லாமியர்கள் மேளதாளத்துடன் பெருமாளை வரவேற்று மரியாதை செய்கிறார்கள்! ஒரு நாள் கூத்து அல்ல. தலைமுறை தலைமுறையாக வரும் உறவு. உள்நாட்டுக் கோயில் தெய்வமும் ஆண்டுக்கொருமுறை கடல் தேடி வருகிறதென்றால், கடலோடு பிறந்தவர்கள் கடலை எப்படி மறப்பார்கள்?

இன்னும் கொஞ்சம், மூச்சுவிடாமல்!

பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது ‘புதுத் துறைமுகம்’. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய களமும் அதுதான். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அங்கே இரும்பு ஆலை தொடங்கினார். இன்று அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம்! எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ (1975) படத்தின் காட்சிகள் பிச்சாவரக் கழிகளில்தான் எடுக்கப்பட்டன. கப்பல் ஏறி உலகம் சுற்றிய ‘கேட்டமரன்’ என்ற ஆங்கிலச் சொல், நம் கட்டுமரம்தான்!

போகிறீர்களா? இப்படிப் போங்கள்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்குப் பேருந்து உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் துடுப்புப் படகே கேளுங்கள். மோட்டார் சத்தமில்லாமல் போனால் கொக்கும் நாரையும் பறக்காமல் நிற்கும். விடிகாலை உத்தமம். மழைக்காலத்தில் காற்றும் ஓதமும் பார்த்துப் படகுக்காரர் சொல்வதே சட்டம். திட்டுப் பக்கம் போக வாய்த்தால், இடிந்த சுவர்முன் நின்று படம் பிடித்துக் கும்மாளம் போடாதீர்கள். அது ஒருவர் வீட்டு அடுப்படியாக இருந்த இடம். செருப்பைக் கழற்றாவிட்டாலும் குரலைத் தாழ்த்துங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட விட்டுவராதீர்கள். திரும்பும் வழியில் கரையூரில் மீன் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, தெரியுமா?

தை, மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கடலூர்க் கரைக்கு ஒரு விருந்தாளி வருவாள். பங்குனி ஆமை. ராத்திரியில் மணலேறி, குழி பறித்து, நூறு முட்டை சுமாருக்கு இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவாள். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் மணலைக் கிழித்துக்கொண்டு அலையை நோக்கி ஓடும். ஆண்டுகள் பல கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிய பிறகு, தாயாகும் பெண் ஆமை தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்புகிறாள். மணல் நகர்ந்திருக்கும், முகத்துவாரம் மாறியிருக்கும். ஆனாலும் வருகிறாள்!

ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் கடலூர்க் கரையெங்கும் மக்கள் கூடுகிறார்கள். கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள். பிள்ளையைக் கொண்ட கடலுக்கா பால் என்று கேட்கத் தோன்றும். மறுநாள் விடிவதற்குள் அதே கடலுக்குள் படகைத் தள்ளுவதைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.